பவுனம்மாளின் பத்தியச் சோறு

போன வாரம் பவுனம்மாளை அடுக்களை வாசலில் தலையில் கைவைத்து உட்காரவைத்துவிட்டு வந்தோம். அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. ஆனாலும் நடந்ததை ஒரு தரம் சொல்லிவிட்டால், இந்த வாரம் புதிதாக நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

பவுனம்மாளின் மருமகள் சீதாலெட்சுமிக்கு இருதயத்தில் கோளாறு. சின்ன வயதில் அவளுக்கு மூட்டுக்கு மூட்டு வலித்த ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது சும்மா போகவில்லை. இருதயத்துக்குள் கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணமாகி நாகப்பட்டினத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்தாளே, அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. கால் வீங்கி மெட்டியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

தெருமுனையில் மருந்துக்கூடம் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து டாக்டர் சபாபதி சொட்டு மருந்து கொடுத்தார். உப்பை அறவே நிறுத்தச் சொன்னார். பவுனம்மாள் அன்றைக்கே உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினாள். மருமகளுக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அவள் மனசு கஷ்டப்படும் என்று, வீட்டில் யாருக்குமே உப்பு கிடையாது என்று சட்டமும் போட்டுவிட்டாள். அவள் மகன் வாசு, ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா, அந்த ஊர்ப் பேச்சில் கிராணி, அம்மா போட்டதை வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போகிற வழியில் அப்துல் ஜலீல் கடையில் மீன் கறியோடு இன்னொரு தரம் சாப்பிட்டான். அது அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

இத்தனை செய்தும் வீக்கம் வடியவில்லை. சீதாவின் அண்ணன் பழனியப்பன் கிள்ளானிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கொதித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன், அதற்குள் கால் வடியாவிட்டால் தங்கையை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவேன் என்று கெடு வைத்துவிட்டுப் போனார். மறுநாளே டாக்டர் வந்து உட்கார்ந்து, சீதா சாப்பிடுவதை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"காலையில கஞ்சிங்க" என்றாள் பவுனம்மாள். "உப்பில்லாத கஞ்சி எப்படித் தொண்டையில இறங்கும்? தொட்டுக்க நாரத்தங்காய் குடுப்பேன். காய்ச்சல்காரங்களோ பிள்ளை பெத்தவங்களோ, யாரா இருந்தாலும் பத்தியத்துக்கு அதுதானே?"

"அதை எப்பிடிச் செய்யிறீங்கள்?"

சமையலைப் பற்றி யார் கேட்டாலும் பவுனம்மாளுக்கு உற்சாகம் வந்துவிடும். "காயை அறுந்துபோகாம சுருளா நறுக்கணும்ங்க. நறுக்கி, அந்த மடிப்புக்குள்ள எல்லாம் கல்லுப்பை நல்லாத் திணிச்சு..."

அங்கேயே அவள் பேச்சு நின்றுவிட்டது.   அவள் மனசில் உப்பு என்றால் ஜாடியில் இருப்பது. நாரத்தங்காய் என்றால் மருந்து. வேளைக்கு ஒரு சுருள் என்று, பாசத்தோடு, தன் கையாலேயே அவள் மருமகளுக்கு உப்பை ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தது அப்போதுதான்.

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை.

விடிந்ததும் பவுனம்மாள் மருமகளின் கட்டிலருகே போய் நின்றாள். சீதா தலையணைகளில் சாய்ந்தபடியே விழித்திருந்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தபடி தன் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, கொஞ்சம் பொறுத்து எடுத்தாள். சென்ற வாரம் அப்படி அழுத்தினால் மாவில் விரல் பதிந்த மாதிரி குழி விழும். குழி நிரம்ப நேரமாகும்.

இன்று குழி விழவில்லை.

"இன்னொரு தரம் அழுத்து" என்றாள் பவுனம்மாள். 

சீதா அழுத்தினாள். மற்றக் காலிலும் அழுத்தினாள். கணுக்கால் எலும்பு எலும்பாகவே தெரிந்தது. பவுனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து மெட்டிகளை எடுத்துவந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மருமகளின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தானே போட்டுவிட்டாள். மாமியார் காலைத் தொடுகிறாளே என்று சீதா கூச்சப்பட்டுக் காலை இழுத்தாள்.

"சும்மா இரு. வீங்க வச்சவ நான்தானே. நானே போடறேன்."

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. தெரியாம நடந்தது."

"தெரியாம நடந்தா கால் வீங்காதா?"

இந்த ஒரு வாரமாக அவள் இப்படித்தான். தான் செய்த தப்பை மூடி வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எதிர்வீட்டு இராஜம்மாவிடம் சொன்னாள், குழாயடியில் சொன்னாள், பாசாரில் மீன் விற்கிறவளிடமும் சொன்னாள். நாரத்தங்காயும் உப்புதான், கருவாடும் உப்புதான், அப்பளமும் உப்புதான், வீங்கின காலுக்கு இவை எதுவும் ஒத்துவராது என்று நின்ற இடத்தில் எல்லாம் பிரசங்கம். ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் அடுக்களையை ஒரு பார்வை பார்த்தார்கள் என்பதும் உண்மை.

காலை ரயிலில் பழனியப்பன் வந்து சேர்ந்தார். கிள்ளானில் ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், தலைமைக் கிராணி. வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, கையில் தொப்பி. வாசலில் ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தார். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையைத் தூக்கி வளர்த்த மனுஷர். அவர் கோபத்தில் பாதி பயம் என்பது பவுனம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் போன தடவை அவர் கத்தியபோது இவள் திருப்பிக் கத்தவில்லை. கத்தத் தெரியாமல் அல்ல.

சீதா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் உள்ளே வந்ததும் வழக்கம்போல எழுந்திருக்கப் போனவள், மறுபடி உட்கார்ந்துகொண்டாள். பழனியப்பனின் புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது. பிறகு அவள் கால்களைப் பார்த்தார். மெட்டியைப் பார்த்தார்.

"வடிஞ்சிருச்சா" என்றார், நம்பாதவர் மாதிரி.

"வடிஞ்சிருச்சு மச்சான்" என்றான் வாசு. இன்றைக்கு அவனுக்குச் சாயங்கால ஷிப்ட்டு. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கோலாலம்பூர் இழுவையோடு சொன்னான். "நேத்து ராத்திரி நிம்மதியாத் தூங்கினா லா."

பழனியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். அவரும் அழுதார் என்றே எழுதிவிடலாம். ஆனால் திரும்பியபோது அவர் சொன்னது பவுனம்மாளைத் தூக்கிவாரிப் போட்டது.

"முருகன் கண்ணைத் தொறந்துட்டான். குணமாயிட்டா. இனிமே கப்பல்ல போறதுக்கு என்ன தடை? நாளைக்குச் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துல ஏறினா, அம்மா மடியில போய்ப் படுத்துக்கலாம். சாயங்கால ரயிலுக்கு மூட்டையைக் கட்டுங்க."

கால் வீங்கினால் கப்பல், வடிந்தாலும் கப்பல். இப்படி ஒரு நியாயம் உலகத்தில் உண்டா? பவுனம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் சபாபதி.

அவர் முதலில் சீதாவின் நாடியைப் பிடித்தார். பிறகு குழாயை மார்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். காலை அழுத்திப் பார்த்து நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"தண்ணியெல்லாம் வத்திப்போட்டுது. நெஞ்சிலயும் தண்ணி இல்லை, வடிவாய்க் கிடக்குது. அம்மா, நீங்கள் வென்றுட்டீங்கள்."

பவுனம்மாள் அண்ணாந்து பரணில் இருந்த உப்பு ஜாடியைப் பார்த்தாள். 

"அப்ப இனிமே மருந்து வேண்டாமே டாக்டர்?" என்று பழனியப்பன் கேட்டார். "கதவு சரியாப் போச்சுல்ல?"

"நான் பொய் சொல்ல மாட்டன்" என்றார் டாக்டர். "கதவு சரியாகேல்லை. சரியாகாது. சீமையில ஒண்டு ரெண்டு பேர் கத்தி வைச்சுப் பார்த்தவை, சரிவரேல்லை. நாளைக்கு என்ன வருமோ தெரியாது. இண்டைக்கு அந்தக் கதவோடதான் இந்தப் பிள்ளை இருக்கவேணும்."

"சரியாகாதுன்னா இத்தனை நாளா என்ன வைத்தியம் பார்த்தீங்க?" பழனியப்பனின் குரல் ஏறியது. "எங்க ஊர்ல கைராசியான வைத்தியர் இருக்கார். என் தங்கச்சியை நான் அங்கே காட்டிக்கறேன். அவ பொறந்த வீட்டுக்காரங்க நாங்க இருக்கோம். என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும்."

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன்னால் இன்னொரு குரல் வந்தது.

"அண்ணே, நான் கொஞ்சம் பேசறேன்."

சீதாதான். உட்கார்ந்தபடியே. அண்ணன் நிற்க, தான் உட்கார்ந்தபடியே.  இந்தப் பெண் அண்ணன் எதிரே தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் உக்காந்திருக்கேன்னு தப்பா நினைக்காதீங்க. சட்டுன்னு எழுந்தா மூச்சு வாங்கும். நீங்க இந்தப் பக்கம் வரும்போது ரயில்வே கேட்டைத் தாண்டித்தானே வந்தீங்க? அந்தக் கேட்டு பாதிதான் தொறக்குதுன்னு வச்சுக்கோங்க. வண்டியெல்லாம் இந்தப் பக்கமே நிக்கும். என் நெஞ்சுக்குள்ள ரத்தத்துக்கு அதுதான் நடக்குது. நான் ஓடினா, குடத்தைத் தூக்கினா, படியில வேகமா ஏறினா, ஒரே நேரத்துல நிறைய வண்டி வந்து நிக்கும். அப்பத்தான் மூச்சு முட்டுது. மெதுவா நடந்தா ஒவ்வொண்ணாப் போயிடும்."

"சரி. அதுக்கு இந்த உப்பு என்ன பண்ணுச்சு?"

"உப்பு தண்ணியைப் புடிச்சு வைக்கும் அண்ணே. வண்டி இன்னும் கூடிப்போகும். அந்தத் தண்ணிதான் காலுக்கு இறங்கினது. சொட்டு மருந்து இருதயத்தை நிதானமா, பலமா அடிக்க வைக்குது. கால் வடிஞ்சுதேன்னு நிறுத்தினா மறுபடி வீங்கிடும். ஒரு வேளை மறந்துட்டேன்னு அடுத்த வேளை ரெண்டு மடங்கு குடிக்கவும் கூடாது, அது விஷம். வாந்தி வந்தாலோ, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சாலோ அப்பவே டாக்டர்கிட்ட ஓடணும். தொண்டை வலின்னாலும், காய்ச்சல்னாலும் சும்மா இருக்கக் கூடாது. தினமும் காலையில காலை அழுத்திப் பார்த்துக்கணும். இது எல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அத்தைக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

வாசு தலையை ஆட்டினான்.   பவுனம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கப்பல்ல ஏணி செங்குத்தா இருக்கும்" என்று சீதா தொடர்ந்தாள். "டெக்குல கருவாடும் ஊறுகாயும்தான் சோத்துக்கு. கடல் நடுவுல எனக்கு மூச்சு முட்டினா நீங்க யாரை எழுப்புவீங்க அண்ணே? அம்மாவைப் பார்க்கணும்னு எனக்கும் ஆசைதான். ராத்திரியில நினைச்சு அழுதிருக்கேன். ஆனா அம்மாகிட்ட உயிரோட போய்ச் சேரணும்ல."

 எதிர்வீட்டு இராஜம்மா தன் வீட்டு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். 

"அம்மாவுக்கு நான் என்ன சொல்றது?" என்றார் பழனியப்பன் கடைசியில். குரலில் பழைய வேகம் இல்லை.

"சீதாவுக்குக் குணமாகலைன்னு சொல்லுங்க. ஆனா நல்லா இருக்கான்னு சொல்லுங்க. ரெண்டும் நிஜம்."

பழனியப்பன் தொப்பியைப் பெஞ்சின் மேல் வைத்தார். வைத்துவிட்டு, டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கணும்" என்றார். அவ்வளவுதான். மூட்டை கட்டுகிற பேச்சு அதோடு போயிற்று.

டாக்டர் பையை மூடிக்கொண்டு எழுந்தார். போகும்போது பவுனம்மாளிடம் நின்றார். "என்னட்ட இதே இருதய வருத்தத்தோட வாற பெண்கள் இருக்கினம். நான் உப்பு வேண்டாம் எண்டால் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வீட்டை போய் நாரத்தங்காய் குடுப்பினம். நீங்களும் மருமகளும் ஒருநாள் வந்து சொல்லவேணும். நான் சொன்னால் புரியாதது உங்கட வாயால புரியும்."

"நான் என்ன டாக்டரா?" என்றாள் பவுனம்மாள். ஆனால் எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்று அப்போதே மனசு யோசிக்கத் தொடங்கிவிட்டது.

மத்தியானம் சம்பந்தி வீட்டுப் பிள்ளைக்கு இலை போட்டாள். வந்த விருந்துக்கு உப்பில்லாச் சோறு போடுவதா என்று ஒரு நிமிஷம் கை தயங்கியது. அப்புறம், சட்டம் சட்டம்தான் என்று முடிவுசெய்தாள். எலுமிச்சை பிழிந்து, மிளகு தட்டிப்போட்டு, கொத்தமல்லியும் பூண்டும் மணக்க மணக்க ஒரு ரசம். தேங்காய்ப் பால் விட்ட கத்தரிக்காய்க் குழம்பு. பழனியப்பன் முதல் கவளத்தில் முகத்தைச் சுளித்தார். மூன்றாவதில் சுளிப்பு போய்விட்டது. ரசத்தைக் கையில் வாங்கி இரண்டாம் தரமும் குடித்தார்.

"உப்பில்லாத குறையே தெரியலை அத்தை" என்றார்.

"தெரியும். மரியாதைக்குச் சொல்றீங்க. பழகிக்கலாம்."

வாசு சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் வீட்டிலேயே இருந்தான். பழனியப்பன் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். படுக்கையில் படுக்கச் சொன்னதற்கு, சாய்ந்தே தூங்கிப் பழக்கமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் படுத்தால் தூக்கம் வருவதில்லையாம். பவுனம்மாள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். சீதா மட்டும் தன் கட்டிலில் சாய்ந்தபடி அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுந்ததும், சாயங்கால ரயிலுக்கு நேரமாச்சு என்று பழனியப்பன் காலுறையை மாட்ட உட்கார்ந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். ஒரு காலுறை ஏறுவதற்குள் முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஷூவுக்குள் கால் போகவே இல்லை.

"வெயில்ல நடந்ததுல வீங்கியிருக்கும்" என்றார் சிரித்துக்கொண்டு. "வாசு, அந்தப் பக்கம் புடிங்க மாப்பிள்ளை."

"அண்ணே, இருங்க" என்றாள் சீதா.

மெதுவாக இறங்கி, மெதுவாக நடந்து வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். கால்சட்டையைக் கொஞ்சம் மேலே சுருட்டினாள். அவர் காலை இழுத்துக்கொள்வதற்குள், எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தாள்.

குழி விழுந்தது. ஆழமாக. நிரம்பவில்லை.

அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்த பவுனம்மாள் அதைப் பார்த்தாள். இந்தக் குழியை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

"எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தப்ப, பக்கத்துப் பாயில படுத்திருந்தது நீங்கதானே அண்ணே?" என்று சீதா மெல்லக் கேட்டாள். "உங்களுக்கும் முட்டி வலிச்சு, அம்மா ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஒத்தடம் குடுத்தாங்களே?"

பழனியப்பன் தங்கையின் விரலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். கிட்டங்கியில் அத்தனை பேரை அதட்டி வேலைவாங்குகிற மனுஷரின் கண்ணில் பயம் வந்தது.  போன வாரம்வரை சீதாவின் கண்ணில் இருந்த அதே பயம்.

"வாசு, டாக்டரைக் கூட்டிட்டு வா" என்றாள் பவுனம்மாள். அவன் ஷிப்ட்டையும் மறந்து படியில் இறங்கி ஓடினான்.

"எனக்கு ரயிலுக்கு நேரமாகுது" என்றார் பழனியப்பன் பலவீனமாக.

சீதா அவர் காலில் பாதி ஏறியிருந்த காலுறையைக் கழற்றி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க அண்ணே" என்றாள். "இப்ப நான் உங்களை விடறதா இல்லை. பயப்படாதீங்க. இதோட எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும்."